ஸ்கோப் படத்துக்குள் ஒரு மஞ்சள் சீட்டு

திங்கட்கிழமையிலிருந்து நம் சோதனை லேபின் அந்த ஜன்னலோர மேசை உங்கள் மூவருடையது. நான் மாடிக்கு, டிசைன் பிரிவுக்குப் போகிறேன். பணி அனுபவம் எழுதுவதென்றால் தலை நரைத்திருக்க வேண்டும், கையில் பென்ஷன் புத்தகம் இருக்க வேண்டும் என்பார்கள். நரைக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தவிர, நேற்று உங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டேன். கம்பியில் ஓடும் சமிக்ஞையைக் கோடாக வரையும் ஸ்கோப்பிலிருந்து நீங்கள் சேமித்த படங்களின் பெயர்கள்: 'ஃபைனல்', 'ஃபைனல் டூ', 'நியூ ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'. கடைசியாக ஒன்று, 'சாப்பிட்டு வந்த பிறகு எடுத்தது'. அதற்கு அப்படிப் பெயர் வைத்தது யார் என்று கேட்க மாட்டேன். ஆனால் மற்ற நான்கையும்விட எனக்கு அதுதான் பிடித்தது. ஏன் என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

"ஸ்கோப்பே படத்த சேவ் பண்ணிக் குடுக்குது. அப்புறம் எதுக்குக்கா ஸ்க்ரீன்ல மஞ்ச சீட்ட ஒட்டி, போன்ல இன்னொரு போட்டோ?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். டீ ஆறிக்கொண்டிருந்ததால் "அப்புறம் சொல்றேன்" என்றேன். இதுதான் அந்த அப்புறம்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்த சமயம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியிலிருந்து அழைத்தார்கள். தோலை வெட்டும் பிரஸ் ஒன்றில் விபத்து, அதன் கண்ட்ரோல் போர்டைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். நானும் அன்சரும் போனோம். அன்சரை உங்களுக்குத் தெரியும், இப்போது சர்வீஸ் பிரிவில் இருக்கிறான். வாணியம்பாடியில் படித்தவன். என் வயதுதான், எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவன். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு என்னை மிரட்டுவான்.

அந்த பிரஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேசையில் தோலை விரித்து, அதன்மேல் பிஸ்கட் அச்சு போல ஒரு இரும்பு அச்சை வைப்பார்கள். மேலிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே அழுத்தில் வெட்டிவிடும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டுவதற்குக் கை ஏது? நல்ல யோசனைதான். ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டிய நாட்களில் சிலர் ஒரு பட்டனை அழுத்தி, அதன் ஓரத்தில் தோல் துண்டு ஒன்றைச் செருகிவிடுவார்கள். பட்டன் அழுந்தியபடியே நிற்கும். அப்புறம் ஒரு கை போதும். எல்லா லைனிலும் எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை.

கோமதி அக்காவை அங்கேதான் முதலில் பார்த்தேன். கேன்டீன் வாசலில் நின்றிருந்தார். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. அச்சைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தலை தானாக இறங்கியிருக்கிறது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டதால் நுனியோடு போயிற்று. எலும்பில் கீறல், நகம் இரண்டும் போய்விட்டன. விரல் இருந்தது.

ஃபேக்டரி சொன்னது வேறு. வலது பட்டனில் தோல் துண்டைச் செருகிவைத்துவிட்டு, மறதியாக இடது பட்டனை அழுத்திவிட்டார் என்று. விசாரணை வைத்திருந்தார்கள். முடிவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"போர்ட எடுத்துட்டுப் போற பொண்ணு நீதானா?" என்று கேட்டார் கோமதி அக்கா.

"ஆமாங்கா."

"துண்டு செருகினதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் பாப்பா. செருகியிருக்கேன். கேட்டாங்க, அதையும் சொல்லிட்டேன். அன்னிக்கி செருகல. இடது பட்டன்மேல கை வச்சிருந்தேன், அது என் பழக்கம். வலது பட்டன் பக்கம் போவவே இல்ல."

"அத ஏங்கா ஒத்துக்கிட்டீங்க? செருகினதே இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அன்சர்.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அன்னிக்கி செருகலன்னு நான் சொல்றதும் பொய்யாப் பூடாதா?"

அன்சர் அசடு வழிந்தான். அது அடிக்கடி நடப்பதில்லை.

"வேல போனா போவட்டும்" என்றார் கோமதி அக்கா. "ஆம்பூர்ல வேற கம்பெனி இல்லாமலா? ஆனா பட்டன கட்டிப்போட்டு கையக் குடுத்துக்கிட்டவன்னு பேரு வந்துச்சின்னா எந்தக் கம்பெனியில என்ன மிஷின்ல உக்கார வைப்பான்? பசை தடவத்தான் சொல்லுவான். எனக்கு வெட்டத்தான் தெரியும். நல்லா வெட்டுவேன்."

போர்டு, இரண்டு பட்டன்கள், அவற்றை இணைக்கும் கேபிள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டோம். கேபிளை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று அன்சர் போட்டோ எடுத்தான். பக்கத்து மோட்டாரின் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். மோட்டாரைப் போட்டு நிறுத்தும்போது எழும் மின் துள்ளல் பக்கத்துக் கம்பிக்குத் தாவலாம்; பார்த்தவுடனே அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

லேபில் அப்படியே திரும்பக் கட்டினோம். இரும்புத் தலைக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் தலை இறங்கிவிட்டது என்று பொருள். அதே கேபிள், அதே கட்டு, பக்கத்தில் ஒரு மோட்டார். ஸ்கோப்பில் இரண்டு கோடுகள். மஞ்சள் கோடு வலது பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் சமிக்ஞை. நீலக் கோடு விளக்குக்குப் போவது. அன்சர் இடது பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். ஸ்கோப்பை 'சிங்கிள்' நிலையில் வைத்திருந்தோம். அது கொக்கு மாதிரி அசையாமல் காத்திருக்கும். கோடு துள்ளினால் ஒரே கொத்து, அந்தக் கணத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம், அப்போதும் இல்லை. அன்சரின் கட்டைவிரல் சிவந்துபோய்க் கை மாற்றிக்கொண்டிருந்தான். "இன்னாடி இது பேஜாரு" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் நின்ற கணத்தில் மஞ்சள் கோட்டில் ஊசி போல ஒரு துள்ளல். யாரும் தொடாத பட்டனை யாரோ அழுத்தியதாக போர்டு நம்பிவிட்டது. அதன் பின்னாலேயே நீலக் கோடு எகிறி நின்றது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். இந்த வேலையில் அந்தக் கணத்துக்கு நிகராக எதுவும் இல்லை, உங்களுக்கும் வரும். படத்தைச் சேமித்தேன். பிறகு துள்ளலை வடிகட்ட வலது பட்டன் கம்பியில் ஒரு சின்ன கபாசிட்டரைச் சால்டர் செய்து திரும்ப ஓட்டினோம். துள்ளல் இல்லை. கோடு கிணற்றுத் தண்ணீர் போலக் கிடந்தது. அதையும் சேமித்தேன். முதல் படத்தின் கோப்புக்கு 'முன்' என்று பெயர், இரண்டாவதற்கு 'பின்'. அப்போது லேபில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஸ்கோப்பிலேயே லேபிள் எழுதலாம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் குமிழைத் திருகித் திருகித் தேட வேண்டும். யாருக்குப் பொறுமை?

அன்றைக்குப் பார்த்து லேபில் நெட் போய்விட்டது. ஃபேக்டரியில் விசாரணை அன்று சாயங்காலம். ஃபேக்டரி மேனேஜர் போனில் அவசரப்படுத்தினார். "ரிப்போர்ட் அப்புறம் வரட்டும்மா, படத்த வாட்ஸாப்ல போடு." அன்சர் பென் டிரைவைப் போனில் சொருகி இரண்டு படங்களையும் அனுப்பினான். நான் பின்னாலேயே குரல் பதிவு போட்டேன். "சார், மொதப் படம் போர்டு வந்தபடியே எடுத்தது. ரெண்டாவது நாங்க ஃபில்டர் போட்ட பிறகு."

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். எங்களைப் பாராட்டப் போகிறார் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, நல்லா இருந்த போர்ட நீங்க கை வச்சிக் கெடுத்துட்டீங்களா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"மொதப் படத்துல கோடு நேராப் போவுது. நீங்க இன்னாத்தையோ போட்ட அப்புறம் ரெண்டாவதுல குதிக்குது. சரி, அது உங்க பாடு. எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சி. போர்டு வந்தபடி நல்லாத்தான் இருந்திருக்கு. அந்தம்மாதான் துண்டு வச்சிருக்குது. மீட்டிங்ல காட்டிட்டேன்."

அன்சர் தன் போனை எடுத்துப் பார்த்தான். படங்கள் தலைகீழாகப் போயிருந்தன. தேர்ந்தெடுக்கும்போது கடைசியாக எடுத்தது முதலில் விழுந்திருக்கிறது. 'முன்', 'பின்' என்ற பெயர்கள் எங்கே? வாட்ஸாப் அவற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தன் எண்களைச் சூட்டியிருந்தது.

நான் படபடவென்று விளக்கினேன். சார், படம் மாறிப்போச்சு, குதிக்கிறதுதான் முதல் படம்.

"அரை மணிக்கு முன்ன ஒரு கத, இப்ப ஒரு கதையா? உனக்கு எந்த ஊரும்மா?"

"ஆம்பூர் சார்."

"அதானே பாத்தேன், ஊர்க்காரம்மாவுக்குப் பரிஞ்சிக்கிட்டு வர்ற" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருந்தவை இரண்டு படங்கள், ஒரு குரல் பதிவு. அவற்றை வைத்து நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். என் கம்ப்யூட்டரில் சரியான பெயரோடு கோப்புகள் இருந்தன. ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நேரத்தைக் காட்டலாம் என்றால், நம் பழைய ஸ்கோப்பின் கடிகாரம், பேட்டரி செத்து, ஆன் செய்யும்போதெல்லாம் பழைய வருஷத்துக்கே ஓடிவிடும். உண்மை எங்கள் கையில் இருந்தது. அதுதான் உண்மை என்று சொல்ல எங்களைத் தவிர வேறெதுவும் இல்லை.

அன்சர் மேசைமேல் ஏறி உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டான். அவன் மாமா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். "எங்க மாமா சொல்லுவாரு. தோலுக்குச் சீட்டு கட்டி டிரம்முல போட்டா, சுண்ணாம்புத் தண்ணியில சீட்டு மட்டும் கரஞ்சி பூடும். அதான் தோல்லயே ஓட்ட குத்தி அடையாளம் வைப்பாங்க. எந்த டிரம்முல போட்டு உருட்டினாலும் ஓட்ட போவாது." கொஞ்சம் நிறுத்தி, "வாட்ஸாப்பும் டிரம்முதான்டி ஜெனி" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கேன்டீன் வாசலில் நின்ற கட்டுப்போட்ட கைதான் கண்ணில் நின்றது.

ஓசூர் போயிருந்த நம் ஓனருக்குப் போன் செய்தேன். அவர் பாதிதான் கேட்டார். "வாதாடாத. வரச் சொல்லு. அவங்க கண்ணு முன்னால எடு" என்று வைத்துவிட்டார். மேனேஜரிடம் அதையே கேட்டேன். வேலைநீக்கக் கடிதம் தட்டச்சாகிவிட்டது, நாளைக் காலையில் கையெழுத்து என்றார். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ வந்து பாருங்க சார். கோமதி அக்காவும் வரட்டும். எதுவும் வரலன்னா நானே போர்டு நல்லா இருக்குன்னு எழுதித் தர்றேன்." கடைசி வாக்கியத்தை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அன்சர் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவர் காரில் வந்தார். கோமதி அக்கா பஸ்ஸில் வந்தார், கையை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு. கபாசிட்டரை அவர்கள் முன்னாலேயே கழற்றினேன். கேபிள் கட்டை அன்சர் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுக் காட்டினேன். "இது உங்க ஃபேக்டரியில இருந்தபடியே இருக்குங்களா?" மேனேஜர் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். இடது பட்டனைக் கோமதி அக்காவிடமே கொடுத்தேன். "அன்னிக்கி எப்பிடி வச்சிருந்தீங்களோ அப்பிடியே வைங்கக்கா." அவர் இடது உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்தார், தூங்கும் குழந்தையின் தலையில் வைப்பது போல. வலது பட்டனை யாருக்கும் எட்டாமல் மேசையின் மறுகோடியில் வைத்தேன்.

மோட்டாரைப் போட்டேன், நிறுத்தினேன். போட்டேன், நிறுத்தினேன். மஞ்சள் கோடு தூங்கியது. முதல் நாள் மாதிரியே எதுவும் வரவில்லை. ஆனால் முதல் நாள் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"அக்கா, கை வலிக்குதா?" என்றான் அன்சர்.

"இந்தக் கை இன்னாத்துக்கு வலிக்கும். நீங்க பாருங்க."

மேனேஜர் இருமினார். "நானும் லைன்ல நின்னு வந்தவன்தாம்மா. யாருக்கும் கெடுதல் நெனைக்கறவன் இல்ல. ஆனா இது சும்மா உக்காந்துட்டு இருக்கற மாதிரி இருக்குது."

மோட்டார் கேபிள் கண்ணெதிரே கிடக்கிறது. அதை எடுத்துப் பட்டன் கேபிள்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், துள்ளல் நிச்சயம் வரும். பிழை உண்மை, முந்தின நாள் என் கண்ணால் பார்த்தது. அதைக் கொஞ்சம் கையைப் பிடித்து இழுத்துவந்தால் என்ன? நியாயத்துக்காகத்தானே? கேபிளை நேராக வைப்பது போல என் கை அதன்மேல் போய்விட்டது.

அன்சர் பார்த்துவிட்டான். எழுந்து வந்து, ஸ்கோப்பைக் காட்டி ஏதோ கேட்பவன் போலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அப்பிடி ஒரு படம் எடுத்தின்னா, அதுக்கு லேபிள் இன்னா எழுதுவ?"

அவ்வளவுதான். கை தானாக விலகியது. எழுத முடியாது. 'வந்தபடியே' என்று எழுதினால் பொய். 'நான் சுற்றிவைத்தபடி' என்று எழுதினால் கோமதி அக்காவுக்கு உதவாது. இன்றைக்கும் எங்கேயாவது அவசரத்தில் கை நீளும்போது அந்தக் கேள்வியைத்தான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். எடுத்த பிறகு கேட்பதல்ல, எடுக்கும் முன் கேட்பது. எந்தப் படத்துக்கு நேர்மையாக ஒரு வரி எழுத முடியாதோ அதை எடுக்காதீர்கள்.

ஆனால் கையை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? கோடு இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. மேனேஜர் கிளம்பும் முகத்தோடு இருந்தார். என்னை நம்பாத ஒருவருக்கு நானே சுவிட்சைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"சார், நீங்களே போடுங்க" என்று மோட்டார் சுவிட்சை அவர் பக்கம் தள்ளினேன்.

"நானா?"

"எங்க கை எதுவும் இதுல இருக்க வேணாம். நீங்க மோட்டார், அக்கா பட்டன். நாங்க தள்ளி நிக்கறோம்."

அவர் ஒரு பக்கம், கோமதி அக்கா எதிர்ப்பக்கம். முந்தின நாள்வரை ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள். அவர் போட்டார், நிறுத்தினார். முதலில் சலிப்பாக. பிறகு அது அவரையும் பிடித்துக்கொண்டது. கோமதி அக்கா கோட்டைப் பார்க்கவில்லை, விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் துண்டு செருகற பழக்கத்த விட்டுத் தொலைங்கன்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன்?" என்றார் மேனேஜர், சுவிட்சைத் தட்டிக்கொண்டே.

"சொல்லியிருக்கீங்க சார். ஜாஸ்தி வெட்டச் சொன்னதும் நீங்கதான்."

மேனேஜர் சுவிட்சை நிறுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

மேசையில் இரும்பு இல்லை, அச்சு இல்லை, தோல் இல்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும்தான். ஆனால் மேனேஜர் சுட்டுக்கொண்டவர் போல விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார். எதிரே கோமதி அக்காவும் இழுத்துக்கொண்டார், கட்டுப்போட்ட கையை. பட்டனில் இருந்த இடது கை அப்படியே இருந்தது.

ஸ்கோப்பில் அந்த ஊசி நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் மேசையின் மறுகோடியில் தனியாகக் கிடந்த வலது பட்டனைப் பார்த்தார், பிறகு படத்தை, பிறகு தன் கையை.

"சவுண்டு கூட வரலியேம்மா" என்றார் மெதுவாக. "திடீர்னு..."

"அன்னிக்கும் அப்பிடித்தான் சார் இருந்திச்சி" என்றார் கோமதி அக்கா.

நான் படத்தைச் சேமித்தேன். பிறகு லேப் டிராயரிலிருந்து மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்தேன். முந்தின நாள் வீட்டுக்குப் போகும் வழியில் லாங் பஜாரில் இறங்கி வாங்கிவந்தது, அன்சரின் டிரம் உபதேசத்தின் விளைவு. பேனாவை எடுத்து 'மு' என்று தொடங்கி நிறுத்தினேன். முன் என்றால் எதற்கு முன்? பின் என்றால் எதற்குப் பின்? அது எனக்கும் அன்சருக்கும் மட்டும் தெரிந்த பாஷை. இன்னொரு சீட்டைக் கிழித்தேன்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இந்தப் படத்துல இன்னா நடந்திச்சி? அத அப்பிடியே எழுதிக்கலாம்."

"என்னால எழுத முடியாதே பாப்பா" என்று விரல்களில் இருந்த கட்டைக் காட்டினார்.

நான் எழுதுவதற்குள் மேனேஜர் கையை நீட்டினார். "குடும்மா." சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்துக்கொண்டார். "சொல்லு கோமதி."

கோமதி அக்கா யோசித்தார். "வலது பட்டன யாரும் தொடல."

மேனேஜர் பேனாவை வைத்து நிமிர்ந்தார். "நீ தொடலன்னு எழுதவா? உம் பேரு போட்டு?"

"இப்ப நீங்களும்தான் தொடல சார். யாரும்னே எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அலுவலகக் கடிதம் எழுதும் சுத்தமான தமிழில், 'வலது பட்டனை யாரும் தொடவில்லை' என்று. கீழே தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். அதை நான் கேட்கவில்லை. சீட்டை ஸ்கோப் திரையின் காலி மூலையில் ஒட்டி, கோடும் சீட்டும் பட்டனும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்தேன். இன்றைக்கு உங்களை எடுக்கச் சொல்லி உயிரை வாங்குகிறேனே, அதன் முதல் படம் அதுதான். அன்சர் அதை வாட்ஸாப்பில் மேனேஜருக்கு அனுப்பி, அவரிடமிருந்து திரும்ப வாங்கி, எனக்கு அனுப்பி, என்னிடமிருந்து திரும்ப வாங்கிப் பார்த்தான். பெயர் ஒவ்வொரு தடவையும் மாறியது. சீட்டு அப்படியே இருந்தது. "ஓட்ட போவல தோஸ்த்" என்றான்.

தட்டச்சான கடிதம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்த ஃபேக்டரியின் எல்லா பிரஸ்களிலும் கேபிள்களைப் பிரித்துக் கட்ட நானும் அன்சரும் போனபோது, கோமதி அக்கா விரல் ஆறும்வரை உட்கார்ந்தபடியே சரிபார்க்கும் வேலையில் இருந்தார். ஆறிய பிறகு அதே மிஷினுக்குத் திரும்பினார். நாங்கள் போன அன்று, துண்டு செருகும் பழக்கம் அந்த லைனில் ஒழிந்ததா என்று கேட்டேன். "நான் இருக்கற எடத்துல எவளாச்சும் செருகட்டும் பாக்கலாம்" என்றார். கிளம்பும்போது, "அந்தப் படத்த எனக்கும் அனுப்பு" என்று நம்பர் கொடுத்தார்.

உங்களுக்கு விதிமுறைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன், சுவரில் இருக்கிறது, அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீட்டில் 'சரி', 'தப்பு', 'ஓகே' என்று நம் தீர்ப்பை எழுதாதீர்கள். அந்தக் கணத்தில் எது இணைந்திருந்தது, எது இல்லை, யார் கை எங்கே இருந்தது, அதை எழுதுங்கள். 'சாப்பிட்டு வந்த பிறகு எடுத்தது' என்று எழுதியவருக்கு ஒரு சபாஷ். அதில் ஒரு நடப்பு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும். நீங்கள் எடுக்கும் படம் எந்த டிரம்மில் உருண்டு யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. போய்ச் சேருகிற இடத்தில் யாருடைய கை கட்டுப்போட்டிருக்கிறது என்பதும் தெரியாது.

கோமதி அக்கா இன்றைக்கும் தினம் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் அனுப்புகிறார். வாட்ஸாப்பில் எல்லோரும் சாமி படமோ பிள்ளைகள் படமோ வைக்கும் அந்தச் சின்ன வட்டத்தில் அவர் நம் ஸ்கோப் படத்தை வைத்திருக்கிறார். வட்டத்துக்குள் அடங்க வெட்டியதில் நீலக் கோடு முழுக்கப் போய்விட்டது. மஞ்சள் கோட்டில் அந்த ஊசியும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது எந்த மிஷின், என்ன சோதனை, எதுவும் தெரியாது. சீட்டு மட்டும் தெரியும், அதில் ஒரு மேனேஜரின் கையெழுத்தில், யாரும் தொடவில்லை.